நாலாவது படி

பாஸ்குத் திருநாளுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய பெரிய வாரம் வந்துவிட்டால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கக் கோயில்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டம் சேரும். குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போனவர்கள் மலையிறங்கி வரவேண்டும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று கொத்து நறுக்கியவர்கள் குளித்துவிட்டு வரவேண்டும். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே பக்கச் சுவரை ஒட்டி ஒரு மரக்கூண்டு. நடுவில் சாமியார் உட்காரப் பலகை, இரண்டு பக்கமும் முழங்காலிடப் படி, இடையில் துளை போட்ட தடுப்பு. எத்தனையோ முழங்கால் பட்டுத் தேய்ந்து அந்தப் படியின் நடுப்பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். கழுத்தில் ஊதா ஸ்தோலாத் துண்டு அணிந்த குரு காதைத் தடுப்புப் பக்கம் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பார். தன் பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் இந்தக் கூண்டுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ‘பாவசங்கீர்த்தனத் தொட்டி’.

வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் பேசமாட்டார்கள். தொட்டிக்கு மிக அருகில் இருப்பவர் நாலடி தள்ளியே நிற்பார். உள்ளே முழங்காலிட்டிருப்பவரின் முணுமுணுப்பு தன் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற கூச்சம் அது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சிறுவயதில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாரான நாளிலேயே, பெரியவர்களைப் பார்த்துப் பழகிவிடுவது.

இந்தத் தொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் அச்சுக்கலையின் வரலாறும் அதுவும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

மிலான் நகரத்துப் பேராயர் கார்லோ பொரோமேயோ, கோயில்களை எப்படிக் கட்ட வேண்டும் என்று 1577இல் ஒரு விதிநூல் வெளியிட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கும் சொல்லுகிறவருக்கும் நடுவே தடுப்பு வைத்த மரக்கூண்டு வேண்டும் என்று வரையறுத்தது அந்த நூல்தான். மறு ஆண்டு, 1578 அக்டோபர் 20ஆம் தேதி, கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதைக் கொண்டுவந்தவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கஸ். தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1580இல், அதே கொச்சியில் அவர் அச்சிட்ட நூலின் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. போர்த்துக்கீசிய மொழிச் சொல்லை அப்படியே தமிழ் நாவுக்கு வளைத்த பெயர். பொருள்: பாவசங்கீர்த்தன நூல்.

தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று, ஒரு மனிதன் தான் செய்த தவற்றை எப்படி எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது. இது சின்னச் செய்தி அல்ல. அண்டிரிக் அடிகளாருக்கு அந்த நூல் ஏன் அவ்வளவு அவசரமாகப்பட்டது என்பதற்குக் காரணம் உண்டு. அவருக்கு முன் வந்த ஐரோப்பியக் குருக்களுக்குத் தமிழ் தெரியாது. துபாஷிகளை நடுவில் வைத்துக்கொண்டுதான் மக்களிடம் பேசினார்கள். செபத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லிக்கொடுக்கலாம். தன் வீட்டுக்குள் நடந்த துரோகத்தை மூன்றாம் ஆள் காதில் போட்டு யார் சொல்வார்கள்? அடிகளார் தமிழை முயன்று படித்ததற்கும், இலக்கணமும் அகராதியும் தொகுக்க முனைந்ததற்கும் பின்னால் இந்தத் தேவை நின்றது. விவிலியத்தின் பத்துக் கற்பனைகளின் வரிசையில் கேள்விகளை அடுக்கிக்கொண்டு போவது இத்தகைய நூல்களின் முறை. அந்தக் கேள்விகளைப் பேச்சுத் தமிழில், மீனவப் பெண்ணுக்கும் முத்து வியாபாரிக்கும் புரிகிற மாதிரி அமைக்கப் பாடுபட்டவர் அவர். 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்.

‘கொம்பெசியோனாயரு’ என்ற பெயர் தமிழில் நிலைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் அதன் உறவுச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. குமுளியைத் தாண்டி இடுக்கிக்குள் போனால் மலையாளக் கிறிஸ்தவர் ‘கும்பசாரம்’ என்கிறார்கள். அதுவும் அதே போர்த்துக்கீசிய வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் வேறொரு சொல் வேரூன்றியது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ தெ நோபிலியின் காலத்திலிருந்து அந்தச் சபையின் மதுரை மிஷன் குருக்கள் வடமொழி கலந்த நடையில் சமயச் சொற்களை ஆக்கினார்கள். பூசை, வேதம், குரு எல்லாம் அப்படி நிலைத்தவை. சாம்பல் பூசும் நாளுக்கு ‘விபூதித் திருநாள்’ என்றே பெயரிட்டது அந்த மரபு. பாவத்தைச் சொல்வதற்கு அது எடுத்துக்கொண்ட சொல் சங்கீர்த்தனம்.

தமிழ்க் காதுக்குச் சங்கீர்த்தனம் என்றால் இறைவன் பெயரைப் பலர் கேட்கப் பாடுவது. நாம சங்கீர்த்தனம் என்று பஜனை மடங்களில் சொல்வார்கள். அதே சொல்லைப் பாவத்தோடு சேர்த்தவர் யாராக இருந்தாலும் கூர்மையான மனம் படைத்தவர். தன் குற்றத்தைக் குரல் கொடுத்துச் சொல்வதும் இறைவனைப் பாடுவதற்குச் சமமான வழிபாடு என்று அந்தக் கூட்டுச்சொல் ஒப்புக்கொள்கிறது.

மறைக்கல்வி நூலான பழைய ஞானோபதேசம் படித்த எந்த முதியவரைக் கேட்டாலும், பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்கள் ஐந்து என்று மனப்பாடமாகச் சொல்வார். முதலாவது ஆத்தும சோதனை. இரண்டாவது மனஸ்தாபம். மூன்றாவது, இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை. நாலாவது, குருவிடம் வாய்விட்டுச் சொல்லுதல். ஐந்தாவது, அவர் விதிக்கிற அபராதத்தைத் தீர்த்தல். நாலாவது படிக்குத்தான் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். ஆனால் மற்ற நாலும் இல்லாமல் அது செல்லாது. மனம் வருந்தாமல் வாய் மட்டும் சொன்னால் அது வெறும் செய்தி. வருந்தியும் வாய் திறக்காமல் இருந்தால் பாரம் இறங்குவதில்லை.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பாவம் என்பது எது? ஞானோபதேசம் இங்கே மூன்று அளவுகோல் வைக்கிறது. காரியம் கனமானதா, செய்தவருக்கு அது தவறென்று முழுவதும் தெரியுமா, தெரிந்தே முழு மனதோடு சம்மதித்தாரா. மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்க ஒரு மடை போதும். முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிறது. நள்ளிரவில் ஒருவர் தன் வயலுக்கு மடையைத் திறந்துவிடுகிறார். முறை தன்னுடையது என்று உண்மையிலேயே நம்பித் திறந்தால் அது பிழை, பாவம் ஆகாது. பக்கத்து வயல்காரரின் முறை என்று தெரிந்தே திறந்தால் பாவம். அவர் மீதுள்ள பகையில், அவருடைய பயிர் கதிர் வாங்கும் நேரம் பார்த்துத் திறந்தால் அந்தப் பாவம் கனக்கிறது. திறப்பதற்கென்றே மண்வெட்டியோடு போய், கரையில் ஆள் நிற்பதைக் கண்டு பயந்து திரும்பிவிட்டாலும் மனத்தளவில் பாவம் நடந்துவிட்டது. மண்வெட்டியும் தண்ணீரும் மாறவில்லை. மனம் மாறியதால் நாலு இரவுக்கும் நாலு தீர்ப்பு.

இந்தக் கணக்கைப் போட ஐரோப்பா நெடுங்காலம் வாதாடியிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பாரிசில் பாடம் சொன்ன பீட்டர் அபெலார்டு, செயலில் எதுவும் இல்லை, நோக்கத்தில்தான் எல்லாம் என்று எழுதி வம்பில் மாட்டிக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் அக்குவினா தோமையார் செயல், நோக்கம், சூழ்நிலை மூன்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று வரிசைப்படுத்தினார். கோயிலுக்குக் கொடுப்பதற்காகவே திருடினாலும் திருட்டு திருட்டுதான் என்பது அவர் வழி. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் அறிந்த வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. பெரிய வாரத்து வரிசைக்கு அந்த விதிதான் மூலம்.

மதுரை மிஷன் காலத்தில் குருக்கள் மிகக் குறைவு, ஊர்களோ மிகுதி. ஒரு குரு சுற்றுக்குப் புறப்பட்டால் ஓரூருக்கு ஆண்டில் ஒருமுறை வருவது அரிது. அவர் வருவதற்கு முன்பே, அவருக்கு உதவியாகச் சமயம் கற்பிக்கும் உபதேசியார் வந்துவிடுவார். யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள், எந்த வரப்புத் தகராறு தீரவில்லை, யார் யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அண்ணன் தம்பியைச் சமாதானம் பேசி அழைத்துவருவது அவர் வேலை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்ற சுவிசேஷப் போதனையை நடைமுறைப்படுத்தியவர் அந்த உபதேசியார்தான். மதுரை மிஷனின் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது இந்த உபதேசியார்களுக்காகவே. தமிழ்க் கிறிஸ்தவத்தைக் கட்டியவர்கள் என்று குருக்களின் பெயர்களைத்தான் பாடநூல்கள் அடுக்குகின்றன. உபதேசியார்களுக்குச் சேர வேண்டிய பங்கு பெரியது.

1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மிஷன் ஆதரவற்றுப் போனது. குருவின் முகம் காணாமலே மனிதர்கள் வாழ்ந்து இறக்க வேண்டிய நிலை பல ஊர்களுக்கு வந்தது. அப்படிப்பட்ட நிலைக்குத் திருச்சபையிடம் ஒரு பதில் இருந்தது. அதன் பெயர் உத்தம மனஸ்தாபம். நரகத்துக்கோ தண்டனைக்கோ பயந்து வருந்துவது ஒரு வகை. நல்லவரான கடவுளை நோகடித்துவிட்டோமே என்று அன்பினால் வருந்துவது இன்னொரு வகை. இரண்டாவது வகை வருத்தம், வாய்ப்புக் கிடைத்ததும் குருவிடம் சொல்லிவிடுவேன் என்ற உறுதியோடு சேர்ந்தால், குரு இல்லாத இடத்திலும் மன்னிப்பைப் பெற்றுத் தரும். சாகக் கிடக்கிறவரின் காதில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் இப்படி ஆழப் பதிந்தது. நோக்கம் மட்டுமே மிஞ்சிய இடத்தில் நோக்கத்தையே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கை அது.

1830களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்து பணியை மறுபடி தொடங்கினார்கள். அதே 1830களின் தொடக்கத்தில் இன்னொன்றும் வந்திருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவின் வழியாகத் தமிழகத்துக்கு வந்தது என்று அந்தக் குறியீட்டை ஒட்டி வெளியான குறிப்புகள் சொல்கின்றன. பூசையில் திராட்சை இரசம் பாவமன்னிப்புக்காகச் சிந்தப்பட்ட இரத்தம் என்று கிறிஸ்தவர் நம்புகிறார்கள். திராட்சைப் பழத்தைத் தவிர வேறெதிலிருந்து வடித்த இரசமும் பூசைக்கு ஆகாது என்பது திருச்சபைச் சட்டம். ஒரு குரு பதியனைக் கையோடு கொண்டுவர இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1895 அக்டோபரில் பெரியாறு அணைத் தண்ணீர் திறக்கப்பட்டுப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகமாயிற்று. சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி என்று மலையடிவார ஊர்களில் பின்னாளில் பந்தல் போட்டுத் திராட்சை படர்ந்தது.

இராயப்பன்பட்டியில் பனிமய மாதாவுக்குக் கோயில்; அனுமன் பெயர் தாங்கிய அனுமந்தன்பட்டியில் தூய ஆவிக்குக் கோயில். இராயப்பர் என்பது அப்போஸ்தலர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர். தவறு செய்த சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று இயேசுவிடம் கேட்டவர் இராயப்பர். எழுபது தடவை ஏழு முறை என்ற கணக்கைப் பதிலாகப் பெற்றவரும் அவர்தான். பிறகு சேவல் கூவுவதற்குள் மூன்று முறை தன் குருவையே மறுதலித்து, அந்தக் கணக்கின் பயனைத் தானே அனுபவித்தவரும் அவர்.

பள்ளத்தாக்கின் சீர்திருத்தக் கிறிஸ்தவர் வேறு வழியில் வந்தார்கள். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் பெரியகுளத்தை ஒரு நிலையமாக்கி இந்தப் பக்கம் ஊழியம் செய்தார்கள். அந்தச் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தன. அங்கே தொட்டி கிடையாது. சபையாகச் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள். சபைக்குத் தெரிய நடந்த குற்றமானால் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்து, சபையின் முன் அறிக்கையிட்ட பிறகு சேர்த்துக்கொள்வதும் பழைய ஒழுங்கு.

இரு சபையாரும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்கும் வரியில் சொற்கள் பிரிகின்றன. சீர்திருத்தச் சபையார் ‘கடன்’ என்கிறார்கள், ‘மன்னியும்’ என்கிறார்கள். கத்தோலிக்கரின் பழைய வழக்கில் அந்த இடத்தில் பாவமும், ‘பொறுத்தல்’ என்ற வினையும் வருகின்றன. இரண்டுமே கம்பத்து மண்ணுக்குப் பொருந்துகிற சொற்கள். கடன் என்றால் என்னவென்று இங்குள்ள விவசாயிக்கு விளக்க வேண்டாம். வட்டி ஏறி நிற்கும் நோட்டை ஒருவர் கிழித்துப் போட்டால் நெஞ்சில் என்ன இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். பொறுத்தல் என்பதோ சுமத்தல். மூட்டையைப் பொறுப்பது போல, அடுத்தவர் செய்த கேட்டை நம் தோளில் வாங்கிக்கொள்வது. கடனை மன்னிப்பவருக்கு நஷ்டம் உண்டு. பொறுப்பவருக்குப் பாரம் உண்டு. மன்னிப்பு இலவசமாக வருவதில்லை என்பதை இரண்டு சொல்லுமே மறைக்கவில்லை.

திருடியவர் தொட்டியில் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் மனமில்லாதவருக்கு மன்னிப்பு இல்லை என்பதுதான் ஒழுக்கவியல் நூல்களின் திட்டமான முடிவு. அடுத்தவர் முறையில் தண்ணீர் பாய்ச்சியவர் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். பெயரைக் கெடுத்தவர் அந்தப் பெயரை மீட்டுத் தர முயல வேண்டும். வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார்.

சொன்னதைக் குரு உயிர் போனாலும் வெளியிடக் கூடாது. மீறுகிறவர் அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். இந்த நம்பிக்கையில்தான் வரிசையே நிற்கிறது. அதனால்தான் 2018இல் மலைக்கு அப்பால், கேரளத்தில், கும்பசாரத்தில் ஒரு பெண் சொன்னதை வைத்தே அவரை மிரட்டியதாகக் குருமார் சிலர் மீது புகார் எழுந்தபோது தமிழ்க் கிறிஸ்தவர்களும் கலங்கினார்கள். கும்பசாரத்தையே தடை செய்ய வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்தது. சபைகள் அதை எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் தொட்டிக்கு உள்ளே உட்காருகிறவருக்கு எவ்வளவு அதிகாரம் கைக்கு வருகிறது என்பதைச் சபைகள் அன்று இன்னும் நேராக முகம் கொடுத்துப் பேசியிருக்க வேண்டும்.

மன்னிப்பு தொட்டிக்கு வெளியே, பட்டப்பகலில் நடந்ததும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர். 1995 பிப்ரவரி 25ஆம் தேதி பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கையும் ஒரு துறவி. 2002இல் சிறைக்குப் போய், கொலை செய்தவர் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். தண்டனைக் காலம் முடியும் முன்பே அவரை விடுவிக்க ராணி மரியாவின் குடும்பமே மனுக் கொடுத்தது. விடுதலையான மனிதர் கேரளத்துக்கு வந்து அவர்களுடைய தாயிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். 2017 நவம்பர் 4ஆம் தேதி இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட விழாவில் அவரும் இருந்தார். ஐந்து படியும் அங்கே கண்ணுக்குத் தெரிய நடந்தன, நாலாவது படியும்.

இனி, கம்பம் பள்ளத்தாக்கு மறக்க முடியாத ஒரு சட்டத்துக்கு வரவேண்டும்.

ஆங்கில அரசு 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றியது. குற்றம் என்றால் செய்தவரின் எண்ணம் என்ன என்று கேட்கும் சட்டம் அது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்த எதுவும் குற்றமாகாது என்று 82ஆவது பிரிவு சொன்னது. வியப்பான பொருத்தம், 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பாவசங்கீர்த்தனத்துக்கும் புதுநன்மைக்கும் உரிய வயதாகக் குறித்ததும் ஏறக்குறைய ஏழுதான். நல்லது கெட்டது தெரிந்து, தெரிந்ததில் ஒன்றை மனம் தேர்ந்தால்தான் பழி சேரும் என்பதில் சட்டமும் ஞானோபதேசமும் ஒன்றுபட்டன.

அதே அரசுதான் 1871இல் குற்றப் பழங்குடிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் திருத்தி, அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. ஒரு சாதியில் பிறந்தாலே போதும். செயல் வேண்டாம், எண்ணம் வேண்டாம், சாட்சி வேண்டாம். 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அது வளைத்தது. கம்பம் பள்ளத்தாக்கு அன்று மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் தாலுகா. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவானால் போலீஸ் கச்சேரியிலோ சொன்ன இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போனால் ராதாரி என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கல்யாணமான இரவிலும் மாப்பிள்ளை கச்சேரித் திண்ணையில் படுத்த கதைகளை இன்றும் முதியவர்கள் சொல்கிறார்கள். மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். தொட்டியில் முழங்காலிடுகிறவரிடம் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ரேகைச் சட்டம் நீ யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டது.

கிறிஸ்தவர்கள் அதைக் கண்டித்தார்களா? இங்கே வரலாறு தலைகுனிய வைக்கிறது. முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரியான பிரெடரிக் பூத்-டக்கரின் தலைமையில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு, குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கான குடியிருப்புகளை அரசுக்காக நடத்தியது. இன்றைய ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் 1913இல் அப்படி உருவானது. திருத்த வேண்டும் என்ற நல்ல எண்ணம் அவர்களுக்கு இருந்ததை மறுக்க வேண்டாம். பள்ளிகள் வந்தன, தொழில் வந்தது. ஆனால் திருந்த வேண்டியவர் யார் என்பதை அரசாங்கத்தின் பட்டியல் தீர்மானித்தது. மனிதருடைய மனச்சாட்சி அல்ல. அக்குவினா தோமையார் பார்த்திருந்தால், நல்ல நோக்கம் கெட்ட செயலைச் சுத்தமாக்காது என்றுதான் சொல்லியிருப்பார்.

கோயில்களுக்குள்ளும் பிறப்பு புகுந்திருந்தது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் என்று நெடுங்காலம் நடந்தது. சில இடங்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதைக் கடைப்பிடித்தவர்கள் ஆண்டுதோறும் தொட்டிக்கு வந்தார்கள், பொய்யையும் கோபத்தையும் சொன்னார்கள். சாதியைச் சொல்லவில்லை, பாவமென்று அவர்கள் அறியவில்லை. அறியாமை பாவத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அறியாமலிருப்பதையே விரும்பித் தேர்ந்துகொண்டால் குறைக்காது என்பதும் அதே நூல்களில் இருக்கிறது. 2003 நவம்பரில் ரோமைக்குச் சென்ற சென்னை-மயிலை, மதுரை, பாண்டிச்சேரி மறைமாநிலங்களின் ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2000 மார்ச் 12இல், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த குற்றங்களுக்காக அவரே உரோமை பேதுரு பேராலயத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஒரு தனிமனிதர் ஏறும் நாலாவது படியில் ஒரு நிறுவனமும் ஏறலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

ரேகைச் சட்டத்துக்கு மதுரைச் சீமை கொடுத்த விலை பெருங்காமநல்லூரில் எழுதப்பட்டிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்; கம்பம் பள்ளத்தாக்குக்கும் அதற்கும் நடுவே ஆண்டிபட்டிக் கணவாய்தான். ஊரார் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அன்றைக்குத் தேதி 1920 ஏப்ரல் 3.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி பாஸ்குத் திருநாள். துப்பாக்கி வெடித்த நாள் பெரிய சனி. ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனம் செய்யும் கிறிஸ்தவர்கள் திருநாளுக்கு முன் தொட்டியைத் தேடி வரும் கடைசி நாள். சுடச் சொன்ன அரசின் மன்னரும் கிறிஸ்தவர்தான்.

1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தக் காலத்துச் சீரமைப்புத் திட்டத்தில் பிறந்த அரசு கள்ளர் பள்ளிகள் இன்றும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றன. இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினையும், ஓரளவு ஈடுகட்டலும் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். நாலாவது படி பாக்கி இருக்கிறது. அதை ஏற வேண்டியது லண்டன் மட்டுமல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் குடியிருப்பு நடத்திய சபைகளும், பார்த்துக்கொண்டு பேசாமலிருந்த சபைகளும்தான். கம்பத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பேருந்தில் ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். வருகிற ஏப்ரல் 3ஆம் தேதி இந்தப் பள்ளத்தாக்கின் குருமாரும் போதகர்களும் சபையாரோடு பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்குப் போய், அங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.